எச்சம்

தமிழில் 'எச்சம்' என்கிற சொல்லுக்கு எத்தனை வேலை பாருங்கள். மிச்சமிருப்பது எச்சம். ஒருவர் விட்டுப்போகும் பிள்ளையும் பேரும் எச்சம். இலக்கணத்தில், முடிவு பெறாமல் இன்னொரு சொல்லுக்காகக் காத்து நிற்பதும் எச்சம். பறவை போடுவதும் எச்சம்தான். இந்தக் கட்டுரையை நான் கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். மற்றவை போகப் போக வந்து சேர்ந்துகொள்ளும்.

ஜாவாவுக்குத் தெற்கே ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலில் கிறிஸ்மஸ் தீவு இருக்கிறது. பரப்பு 135 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 1643 டிசம்பர் 25 அன்று அந்தப் பக்கம் போன கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒன்றின் கேப்டன் வில்லியம் மைனர்ஸ் வைத்த பெயர் அது. இன்றைக்கு அது ஆஸ்திரேலியாவின் பகுதி. ஆனால் 1957 முடியும்வரை அது சிங்கப்பூரின் நிர்வாகத்தில் இருந்தது. இதை நண்பர்களிடம் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. "என்னடா, நமக்குக் காலனி இருந்துச்சா?" என்று ஒருவன் சிரித்தான். காலனிக்குள் ஒரு குட்டிக் காலனி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அந்தத் தீவை யாருக்காவது தேவைப்பட வைத்தது பறவைகளின் எச்சம். கடற்பறவையின் வாழ்க்கை இரண்டு இடங்களில் நடக்கிறது. சாப்பாடு கடலில், குஞ்சு கரையில். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் சிதறிக் கிடக்கும் மீனையும் கணவாயையும் அது பொறுக்கித் தின்றுவிட்டு, குஞ்சு இருக்கிற ஒரே ஒரு மரத்துக்குத் திரும்பி வருகிறது. கடலில் பரந்து கிடந்த சத்து இப்படி ஒரு சின்ன இடத்தில் வந்து குவிகிறது. எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான தலைமுறைப் பறவைகள் இதையே செய்ய, அடியிலிருக்கும் பவளச் சுண்ணாம்புப் பாறையோடு எச்சம் வினைபுரிந்து பாஸ்பேட் பாறையாக மாறுகிறது. கிறிஸ்மஸ் தீவின் பாஸ்பேட்டுக்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். அதாவது அந்தப் பாறை ஒரு பயணக் குறிப்பேடு. பறவைகள் கடலை எப்படிப் பயன்படுத்தின என்பதற்கு அவை தாமே எழுதி வைத்த கணக்கு.

இது பழங்கதை மட்டுமல்ல. 2018-இல் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 'நேச்சர்' இதழில் வந்தது. எலி புகுந்த தீவுகளையும் புகாத தீவுகளையும் ஒப்பிட்டார்கள். எலி முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். எலி இருக்கிற தீவில் பறவை இருக்காது. எலியில்லாத தீவுகளில் பறவைகள் பல நூறு மடங்கு அதிகம். ஆச்சரியம் என்னவென்றால், அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளில் மீன்களின் மொத்த எடையும் 48 சதவீதம் அதிகமாக இருந்தது. எச்சம் மழையில் கரைந்து மறுபடி கடலுக்கே போகிறது. பறவை கடலிலிருந்து எடுத்ததில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது.

பறவை எழுதிய அந்தக் கணக்கைப் பணமாகப் படித்த முதல் ஆள் ஜான் மர்ரே. அறிவியல் வரலாற்றில் அவர் சாதாரண ஆள் இல்லை. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த சேலஞ்சர் கப்பல் பயணத்தில் இருந்தவர். ஆழ்கடல் என்று ஒன்று இருக்கிறது, அதில் உயிர்கள் இருக்கின்றன என்பதை முறையாக உலகத்துக்குக் காட்டிய பயணம் அது. அதன் ஐம்பது தொகுதி அறிக்கைகளை வெளிக்கொண்டு வரும் பொறுப்பையும் பின்னாளில் அவரே ஏற்றார். கடலியல் என்கிற துறையின் தந்தைகளில் ஒருவர் என்று அவரைச் சொல்வார்கள்.

1887-இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் இரண்டு அடுத்தடுத்து கிறிஸ்மஸ் தீவுக்குப் போய்ச் செடி, பூச்சி, பாறை மாதிரிகளைக் கொண்டுவந்தன. பாறைத் துண்டு மர்ரேயின் கைக்கு வந்தது. சோதித்துப் பார்த்தால் ஏறக்குறையச் சுத்தமான பாஸ்பேட். அவர் அரசாங்கத்தை வற்புறுத்தினார். 1888 ஜூனில் பிரிட்டன் தீவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1891-இல் மர்ரேக்கும், கொக்கோஸ் தீவுகளை ஆண்ட குளூனிஸ் ராஸ் குடும்பத்துக்கும் கூட்டாகக் குத்தகை கிடைத்தது. 1897-இல் கம்பெனி தொடங்கியது. 1900-இல் தீவு நிர்வாகத்தில் நீரிணைக் குடியேற்றங்களோடு, அதாவது சிங்கப்பூரோடு, சேர்க்கப்பட்டது.

பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதை. ஊர் பெயரை மாற்றிப் போட்டால் போதும். சிங்கப்பூர் வழியாகச் சீனக் கூலிகள் ஒப்பந்தத்தில் ஏற்றப்பட்டார்கள். மலாய்க்காரர்கள் படகு வேலைக்கும் துறைமுக வேலைக்கும் போனார்கள். காவலுக்குச் சீக்கியப் போலீஸ். கையால் மண்ணை வழித்து, பாறை இடுக்கிலிருந்து பாஸ்பேட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். தீட்டிய அரிசியே முக்கிய உணவாக இருந்த அந்த முதல் சில வருடங்களில் பெரிபெரி நோய் வந்து நூற்றுக்கணக்கானோர் செத்துப்போனார்கள். தவிட்டோடு போய்விட்ட ஒரு வைட்டமின் இல்லாததால் வந்த சாவு அது. அது அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது.

இந்த இடத்தில் தமிழர் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். தீவில் தேடாதீர்கள். பாஸ்பேட் போய்ச் சேர்ந்த இடத்தில் தேடுங்கள். மலேசியத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு 'சி.ஐ.ஆர்.பி.' என்கிற எழுத்துகள் பழக்கம். கிறிஸ்மஸ் தீவுப் பாறை பாஸ்பேட் என்பதன் சுருக்கம். ரப்பருக்கும் பிறகு செம்பனைக்கும் அடியுரமாகப் பல பத்தாண்டுகள் போட்டது அதைத்தான். என் பாட்டி ஜொகூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் உரம் போடும் கும்பலில் இருந்தவர். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் வாளியைத் தாங்கி, மரத்துக்கு மரம் வீசிக்கொண்டே போக வேண்டும். "மாவு மாதிரி இருக்கும் சாமி. காத்தடிச்சா கண்ணு தெரியாது. வீட்டுக்கு வந்து குளிச்சாலும் போவாது" என்பார். எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "எங்கிருந்தோ கப்பல்ல" என்பார். அதற்கு மேல் அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஏதோ ஒரு பறவை இந்தியப் பெருங்கடலில் விழுங்கிய கணவாய், சீனக் கூலியின் மண்வெட்டி வழியாக, ஒரு தமிழ்ப் பெண்ணின் கையிலிருந்து ரப்பர் மரத்தடிக்குப் போயிருக்கிறது. இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை. பாஸ்பரஸ் அணு அழியாது. அது போன வழி இதுதான்.

பணமும் ஒரு வழியாகப் போனது. பாஸ்பேட் மர்ரேயைச் செல்வந்தர் ஆக்கியது. தீவிலிருந்து அரசுக் கருவூலத்துக்கு வந்த வரியும் உரிமைத்தொகையும் சேலஞ்சர் பயணத்துக்கு ஆன மொத்தச் செலவைவிட அதிகம் என்று அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். 1910-இல் நார்வே அரசு மைக்கேல் சார்ஸ் என்ற கப்பலையும் ஆட்களையும் தர, செலவை மர்ரே தன் கையிலிருந்து போட்டு, வட அட்லாண்டிக்கில் ஓர் ஆய்வுப் பயணம் நடந்தது. அதிலிருந்து வந்த நூல்தான் யோஹான் யோர்ட்டும் அவரும் சேர்ந்து 1912-இல் வெளியிட்ட 'கடலின் ஆழங்கள்'. கடலியல் மாணவர்கள் நெடுங்காலம் படித்த புத்தகம்.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நவீன மனிதன் கடலை அறிந்துகொண்டதில் ஒரு பகுதிச் செலவைக் கடற்பறவைகள் கொடுத்திருக்கின்றன. ஆனால் அந்தப் பறவை கடலில் எங்கே போகிறது என்று அந்தக் காசில் யாரும் கேட்கவில்லை. கடலின் அடியில் இருக்கும் சேற்றைக்கூடக் கயிறு விட்டு எடுத்தார்கள். தலைக்கு மேல் பறந்ததை விட்டுவிட்டார்கள்.

முழுக்க விட்டுவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. சுரங்கம் பெரிதாவதற்கு முன் தீவின் உயிர்களைப் பதிவு செய்ய மர்ரே செலவை ஏற்று ஒருவரை அனுப்பவைத்தார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சார்லஸ் ஆண்ட்ரூஸ். 1897-இலும் 1898-இலும் மாதக்கணக்கில் அங்கே தங்கி எல்லாவற்றையும் எழுதினார். 1908-இல் மறுபடி போனபோது, முன்பு எங்கு பார்த்தாலும் ஓடிக்கொண்டிருந்த தீவின் சொந்த எலி இனங்கள் இரண்டும் காணோம். கப்பலில் வந்த கறுப்பு எலி கொண்டுவந்த நோயில் அவை அழிந்தன. தீவில் மட்டுமே முட்டையிடும் பெரிய கறுப்புப் பறவை ஒன்றுக்கு 1914-இல் ஆண்ட்ரூஸின் பெயரை வைத்தார்கள். ஃப்ரிகேட்டா ஆண்ட்ரூசி, கிறிஸ்மஸ் தீவு ஃப்ரிகேட் பறவை. சுரங்க முதலாளியின் செலவில் வந்தவரின் பெயரைத்தான் அது இன்றும் சுமக்கிறது.

பறவை எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்காததற்கு அலட்சியம் மட்டும் காரணமில்லை, கருவியும் இல்லை. கரையில் நின்றால் பறவை புறப்படுவது தெரியும், திரும்புவது தெரியும். நடுவில் நடப்பது தெரியாது. கப்பலிலிருந்து பார்த்தால் பறவை தெரியும், அது எந்தத் தீவுக்காரி என்று தெரியாது. கடல் விலங்குகளின் கதையும் இதேதான். சீல் தண்ணீருக்குள் மூழ்கியபின் என்ன செய்கிறது என்பது சுத்தமாக இருட்டு.

அந்த இருட்டில் முதலில் விளக்கு ஏற்றியவர்களில் ஒருவர் ஜெரால்ட் கூய்மன் என்ற அமெரிக்க மாணவர். 1960களின் தொடக்கத்தில் அண்டார்டிகாவின் மக்மர்டோ விரிகுடாவில் வெடல் சீல்களை ஆராயப் போனார். அவர் கருவியின் இதயம் என்ன தெரியுமா? சமையலறையில் முட்டை வேகவைக்க நேரம் பார்ப்போமே, அந்த அறுபது நிமிட டைமர். அதோடு அழுத்தம் அளக்கும் குழாயையும் புகை படிந்த கண்ணாடித் தட்டையும் இணைத்தார். டைமர் சுற்றச் சுற்ற, ஊசி கண்ணாடியில் ஆழத்தைக் கீறும். பனிக்கட்டியில் ஒரு துளை வெட்டி, பக்கத்தில் வேறு மூச்சுத் துளையே இல்லாத இடமாகப் பார்த்துச் சீலை விடுவார். அது எங்கே போனாலும் மூச்சுவிட அதே துளைக்குத்தான் வந்தாக வேண்டும். வந்ததும் கருவியைக் கழற்றிக்கொள்ளலாம். 1966-இல் அவர் வெளியிட்ட கணக்கு: ஆழம் 600 மீட்டர், நேரம் 43 நிமிடம் 20 விநாடி. ஒரே மூச்சில்.

பறவைக்கு இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. கருவியின் எடை குறைய வேண்டும், வானத்தில் செயற்கைக்கோள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். 1989-இல் தென் இந்தியப் பெருங்கடலின் குரோசே தீவில் பியர் ஜூவாந்தனும் ஆன்றி வைமர்ஸ்கிர்ஷும் அலையும் அல்பட்ராஸ் ஆண் பறவைகள் ஆறின் முதுகில் டிரான்ஸ்மிட்டர் கட்டினார்கள். அடைகாக்கும் முறையை இணையிடம் ஒப்படைத்துவிட்டுச் சாப்பிடப் போன பறவை, ஒரே பயணத்தில் 3,600 முதல் 15,000 கிலோமீட்டர் வரை போய்வந்தது. உலகத்தின் சுற்றளவே 40,000 கிலோமீட்டர்தான். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போய் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பறந்துவிட்டு வருவதை நினைத்துப் பாருங்கள்.

அதன்பிறகு உறவே தலைகீழானது. யானைச் சீலின் தலையில் ஒட்டிய கருவி, தண்ணீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து அனுப்பத் தொடங்கியது. குளிர்காலப் பனிக்கடலில் கப்பல் நுழைய முடியாது, சீல் நுழையும். அண்டார்டிகாவின் கனத்த அடிநீர் உருவாகும் இடங்களில் ஒன்று டார்ன்லி முனை என்பது 2013-இல் உறுதியானதில் யானைச் சீல்கள் தந்த அளவீடுகளுக்கு முக்கியப் பங்கு உண்டு. மர்ரே கப்பலில் போய்த் தேடியதை இப்போது விலங்குகள் தேடித் தருகின்றன.

நம் தீவுக்குத் திரும்புவோம். 1958 அக்டோபர் 1 அன்று அது ஆஸ்திரேலியாவின் கைக்குப் போனது. இழக்கப்போகும் பாஸ்பேட் வருமானத்துக்கு ஈடாக சிங்கப்பூருக்கு 29 லட்சம் பவுண்டு கிடைத்தது. தீவில் வாழ்ந்த சீனரையும் மலாய்க்காரரையும் யாரும் கேட்கவில்லை. வெள்ளை ஆஸ்திரேலியாக் கொள்கை நடப்பில் இருந்த காலம் அது. தரைக்கு விலை, தரையில் இருப்பவர் எச்சம். சமமான கூலிக்கும் உரிமைக்கும் அவர்கள் சங்கம் வைத்துப் போராட வேண்டியிருந்தது. 1970களின் கடைசியில்தான் அந்தப் போராட்டம் சூடு பிடித்தது.

இயந்திரங்கள் வந்ததும் காடு வேகமாகப் போனது. இதுவரை சுரங்கத்துக்காக வெட்டப்பட்டது தீவின் மழைக்காட்டில் சுமார் கால்வாசி. அபட் பூபி என்ற பறவை இன்று உலகத்திலேயே இந்தத் தீவின் உயரமான மரங்களில் மட்டும்தான் கூடு கட்டுகிறது. 1960களின் இறுதியில் அதை ஆராய வந்த பிரையன் நெல்சன், சுரங்கம் இப்படியே போனால் அந்த இனம் தாங்காது என்று எச்சரித்தார். காட்டை வெட்டிய இடத்தில் காற்று சுழன்று அடிக்கும். பக்கத்தில் வெட்டாத மரத்தில் இருக்கும் பறவையும் அந்தச் சுழலில் நிலைதடுமாறி விழும். தரையிலிருந்து அதனால் எழும்ப முடியாது, பட்டினிதான். ஃப்ரிகேட் பறவைகளின் ஒரு கூட்டம், பாஸ்பேட் உலர்த்தும் ஆலையிலிருந்து பறந்து படிந்த தூசியால் தன் இடத்தையே கைவிட்டது. கண்ணு தெரியாது என்று பாட்டி சொன்ன அதே மாவு. 1980-இல் தேசியப் பூங்கா வந்தது. இன்று தீவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதற்குள் இருக்கிறது.

வில்லனைக் கண்டுபிடிப்பது இங்கே சுலபம் என்று நினைத்தால் வரலாறு அதையும் விடுவதில்லை. 1987-இல் அரசு சுரங்கத்தை மூடியது. 1990-இல் அதை மறுபடி திறந்தவர்கள் வேலையிழந்த தொழிலாளர்களே. தங்கள் பணத்தைப் போட்டு ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். புதிதாக மழைக்காட்டை வெட்டக்கூடாது என்பது நிபந்தனை. கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததிக்கு அந்தக் குழிகள்தான் சொந்த ஊர். "பறவை முக்கியமா, மனுசன் முக்கியமா?" என்கிற கேள்வியைத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் கேட்பது ரொம்ப வசதி. அங்கே இரண்டு பேருக்கும் சோறு போட்டது அந்த எச்சம்தான்.

கடைசியில் அந்தக் கேள்விக்கு வருகிறேன். பறவை எங்கே போகிறது? 2005-இல் ஒரு பெண் ஃப்ரிகேட் பறவைக்குச் செயற்கைக்கோள் டிரான்ஸ்மிட்டர் கட்டினார்கள். லிடியா என்று பெயர் வைத்தார்கள். குஞ்சை இணையின் பொறுப்பில் விட்டுவிட்டு அவள் கிளம்பினாள். ஜாவாவின் எரிமலைகளைத் தாண்டி, போர்னியோ வரை போய், ஆசியாவிலேயே நெரிசலான கப்பல் பாதைகளுக்கு மேலே பறந்து, 26 நாள் கழித்துத் திரும்பினாள். ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். ஆண்ட்ரூஸ் அவள் முன்னோரைப் பார்த்து நூறு வருடம் கழித்துத்தான் அவள் வீட்டின் மறுபாதி தெரியவந்தது. அந்த மறுபாதி நம்முடைய கடல்.

"பறவைக்கு எதுக்குடா பாஸ்போர்ட்? எல்லையே இல்ல, சுதந்திரம்" என்றான் அதே நண்பன். கவிதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஃப்ரிகேட் பறவையின் வாழ்க்கையை விசாரித்தால் அந்தச் சுதந்திரம் கரைந்துவிடுகிறது. அதன் இறகு தண்ணீரில் நனைந்துவிடும், அதனால் கடலில் உட்கார முடியாது. கடல் அதன் சாப்பாட்டு மேசை, ஆனால் நாற்காலி கிடையாது. அதன் உறவான பெரிய ஃப்ரிகேட் பறவைகள் மேகத்துக்கடியில் எழும் காற்றைப் பிடித்து வாரக்கணக்கில் இறங்காமல் பறப்பதையும், பறந்தபடியே ஒரு நாளைக்குச் சராசரி 42 நிமிடம் மட்டும் தூங்குவதையும் 2016-இல் கண்டுபிடித்தார்கள். பறக்கும் மீன்தான் முக்கிய உணவு. கீழேயிருந்து சூரையும் டால்பினும் துரத்தினால்தான் அது மேலே எழும்பும். அப்படியென்றால் சூரை குறைந்தால் இதற்கும் பட்டினி. ஒரே ஒரு முட்டை. குஞ்சு பறக்கக் கற்ற பிறகும் பல மாதம் தாய் கொண்டுவரும் உணவுக்குக் காத்திருக்கும். எல்லையில்லாத பறவை இல்லை அது. இரண்டு முனையிலும் கட்டிப்போடப்பட்ட பறவை. ஒரு முனை சில மரங்கள், இன்னொரு முனை பல நாடுகளின் கடல்.

முதல் முனைக்குச் சட்டம் வந்துவிட்டது. 2022-இல் தீவைச் சுற்றியுள்ள ஆஸ்திரேலியக் கடலும் கடல் பூங்காவானது. ஆனால் லிடியா அந்தக் கோட்டுக்குள் நிற்கவில்லை. ஜகார்த்தா விரிகுடாவில் இந்தப் பறவைகள் மீன்பிடித் தூண்டில் கயிற்றில் சிக்குகின்றன. தீவில் எவ்வளவு காவல் போட்டாலும், அங்கே செத்த தாய்க்காக இங்கே ஒரு குஞ்சு காத்திருக்கும்.

அதனால்தான் இந்த ஆராய்ச்சியை வெறும் அறிவியல் வேடிக்கையாக என்னால் படிக்க முடியவில்லை. கரையை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தத் தீவு ஒரு பாஸ்பேட் குவியல். ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் சிங்கப்பூரும் அதை அப்படித்தான் பார்த்தது, அப்படியே விலை பேசியது. பறவை கடலில் போன பாதையைச் சேர்த்துப் பார்த்தபிறகுதான் அந்தக் குவியல் எத்தனை கடலின் உழைப்பு என்று தெரிகிறது. 1958-இல் கணக்கு முடிந்துவிட்டது என்று நாம் எழுதி வைத்திருக்கிறோம். லிடியாவின் வரைபடத்தைப் பார்த்தால் முடிந்ததாகத் தெரியவில்லை. இலக்கணத்தில் சொல்வதுபோல, அது இன்னும் எச்சமாகவே நிற்கிறது. வினைமுற்றைப் போட வேண்டியது ஜாவா, போர்னியோ, மலாக்கா நீரிணை என்று இந்தப் பக்கத்துக் கடல்களில் மீன் பிடிக்கிறவர்களும் மீன் தின்கிறவர்களுமான நாம்தான்.